வாங்கு உயரத்துக்கு ஒரு மண்மேடை

உ
சிவமயம்

புளியங்காடு,
பிரமோதூத வருஷம், ஆனி மாதம்.

மலாயா தேசத்திலே கிள்ளான் பட்டினத்து ரெயில்வே கந்தோரில் உத்தியோகம் பார்ப்பவரும், என் தங்கை குணலட்சுமிக்குத் தாலி கட்டியதால் எனக்கு மைத்துனரும், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறி இருந்து படிக்க வாங்கு செய்து கொடுத்ததால் ஊருக்கே உபகாரியுமாகிய இராசநாயகம் அவர்களுக்கு, புளியங்காட்டுச் சைவ வித்தியாசாலை முகாமைக்காரன் ஏரம்பு எழுதுவித்த கடிதம்.

இவ்விடத்தில் நான், என் பெண்சாதி, உமது பெண்சாதி, மாடு கன்று, தோட்டத்துப் புகையிலை எல்லாம் சுகம். என் வலது கை மாத்திரம் சுகமில்லை. முறிவு வைத்தியர் பத்துப் போட்டு, மட்டை வைத்து, பூசணிக்காய் அளவுக்குக் கட்டிவிட்டிருக்கிறார். ஆகையால் நான் சொல்லச் சொல்ல உமது மகள் பத்மாவதி எழுதுகிறாள். சொன்னதில் ஓர் எழுத்தும் மாற்றமாட்டேன் என்று தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேனையைக் கொடுத்தேன். படித்த பிள்ளைகளை முழுக்க நம்பக்கூடாது. இதையும் எழுதிவிட்டாள், நல்ல பிள்ளை.

நீர் போன கடிதத்தில் மூன்று சங்கதி கேட்டிருந்தீர். கிள்ளானில் இருக்கும் நம்மவர்களிடம் நீர் தெண்டிச் சேர்த்து அனுப்பிய காசில் தேசப்படமும், பூகோள உருண்டையும், இங்கிலீசுப் புத்தகங்களும் வாங்கியாயிற்றா என்றும், உமது தகப்பனார் பெயரில் தந்த வாங்குகள் எப்படியிருக்கின்றன என்றும், பத்மாவதிக்கு உபாத்தியாயர் பத்திரம் கிடைத்ததா என்றும் கேட்டிருந்தீர். மூன்றுக்கும் ஒரே பதில்தான். ஆனால் அது கொஞ்சம் நீளமான பதில்.

உமது தகப்பனார் வைத்திலிங்கம் அவர்களின் ஞாபகார்த்த வாங்குகள் வந்து இறங்கிய அன்று மேளம் பிடித்தோம், சர்க்கரைப் பொங்கல் பொங்கினோம். ஒவ்வொரு வாங்கிலும் அவர் பெயரைச் செதுக்க வேண்டுமென்று நீர் எழுதியிருந்தீர். எந்த இடத்தில் என்று எழுதவில்லை. தச்சன் பிள்ளைகள் இருக்கிற பலகையிலேயே பெரிதாகச் செதுக்கிவிட்டான். பிள்ளைகள் எழும்பினால் பெயர் தெரியும், இருந்தால் மறையும். ஊர் அதிகாரி என்ற மிடுக்கோடு பொன்னம்பல விதானையார், ‘என்ன ஏரம்பு, செத்த மனிசன்ரை பேருக்கு மேலையோ பிள்ளையளை இருத்தப் போறாய்?’ என்று கேட்டார். ‘உயிரோடை இருக்கேக்கையும் அந்தாள் பேரப்பிள்ளையளை மடியிலை வைச்சிருந்ததுதானே’ என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வாங்குகளில் நம்முடைய பிள்ளைகள் இருந்தார்கள். பனங்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பின்சுவரோரமாக நிலத்தில் சாக்கு விரித்து இருந்தார்கள். அவர்கள் எந்தப் பகுதி என்று நான் எழுதத் தேவையில்லை, உமக்குத் தெரியும். அவரவர் இடத்தில் அவரவர் இருந்தபடியால் எல்லோருக்கும் சந்தோஷம். ‘அவைக்கும் சந்தோஷமோ?’ என்று பத்மாவதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். நாங்கள் அவர்களைக் கேட்டதில்லை. கேட்காதபோது அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே சந்தோஷம் என்றே கொள்ள வேண்டும்.

இப்படி நல்லபடியாக நடந்துகொண்டிருக்கையில் மாசி மாதம் அரசாங்கத்து வித்தியாபகுதியாரிடமிருந்து ஒரு கட்டளை வந்தது. அவர்களிடம் நன்கொடை பெறுகிற எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையிலும் தாழ்ந்த இடத்தில் இருக்கக்கூடாதாம். இருந்தால் நன்கொடை நிற்குமாம். நன்கொடை நின்றால் படிப்பிக்கிற சட்டம்பியார் நமசிவாயத்துக்கும் பத்மாவதிக்கும் சம்பளம் நிற்கும், சம்பளம் நின்றால் பள்ளிக்கூடம் நிற்கும், பள்ளிக்கூடம் நின்றால் நான் எதற்கு முகாமைக்காரன்? இதற்குமேல், பத்மாவதிக்குப் பத்திரம் கிடைப்பதற்கு பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற வித்தியாதரிசி நேரில் வந்து அவள் படிப்பிப்பதை ஒருதரம் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். இந்த இங்கிலீசு வருஷத்துக்குள் வைக்காவிட்டால் அவள் பயிற்சிக் கலாசாலையில் படித்ததெல்லாம் வீண். அவளை விலக்கி வேறு ஆளைப் போடுவார்கள். ஆகையால் அவரை மனங்கோணாமல் பார்க்க வேண்டிய கடமை தாய்மாமனாகிய எனக்கு இருந்தது.

உடனே சபை கூட்டினேன். வாங்குகளை அப்புறப்படுத்திவிட்டு எல்லோரையும் நிலத்தில் இருத்தலாம் என்றார் சட்டம்பியார். விதானையாருக்குக் கண் சிவந்துவிட்டது. ‘என்ரை பேரன் நிலத்திலை இருக்கிறதோ? அவன் வீட்டிலையும் நிலத்திலை இருக்கிறேல்லை’ என்றார். அப்படியானால் அந்தப் பிள்ளைகளுக்கும் வாங்கு கொடுத்தால் என்ன என்று பத்மாவதி கேட்டாள். சபையில் வெற்றிலைத் தட்டம் மாத்திரம் கைமாறியது. அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. திருவனந்தபுரத்துக்குப் புகையிலை ஏற்றிய காலத்திலும் இப்படித்தான், எல்லோரும் கைவிட்ட இடத்தில் எனக்கு மூளை வேலை செய்யும். கட்டளையை இன்னொருதரம் வாசிக்கச் சொன்னேன். ஒரு பிள்ளையும் தாழ இருக்கக்கூடாது என்றுதான் இருந்தது. சேர்ந்து இருக்க வேண்டுமென்று ஓரிடத்திலும் இல்லை. ‘அப்ப வாங்கு உயரத்துக்கு ஒரு மண்மேடை கட்டி அவையை அதிலை இருத்துவம்’ என்றேன். விதானையார் எழும்பி வந்து என் முதுகில் தட்டினார். சட்டம்பியாருக்குக் கண் கலங்கிவிட்டது. உமது மகள் மாத்திரம், ‘அம்மான், உந்த மண்ணுக்குச் செலவழிக்கிற காசிலை இன்னும் கொஞ்ச வாங்கு செய்யலாமே’ என்றாள். ‘பிள்ளை, காசு பெரிசில்லை, கொள்கைதான் பெரிசு’ என்று சொல்லி அமர்த்தினேன். இதை எழுதும்போது அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

பட்டினத்திலிருந்து மேசன் சிமியோனைக் கூட்டிவந்தேன். வேதக்காரன், நல்ல சிரித்த முகம், வேலை கொடுக்கிறவன் சொல்லுக்கு மறுசொல் பேசமாட்டான். தேசப்படத்துக்கு வைத்திருந்த காசு செம்மண்ணாக வந்து இறங்கியது. பூகோள உருண்டைக் காசில் மண்ணைக் குழைத்து மிதித்தார்கள். சிமியோன் இரசமட்டம் வைத்துப் பார்த்து, வாங்கும் மேடையும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரம் என்று காட்டினான். இந்த யாழ்ப்பாணத்திலேயே முதன்முதலாகச் சமத்துவத்தை இரசமட்டம் வைத்து நிறுத்தியது புளியங்காடுதான் என்று சட்டம்பியார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு கிழமை போயிருக்கும். விதானையாரின் பேரன் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய், ‘அப்பு, அவையள் என்னிலும் உயர இருக்கினம்’ என்று சொல்லிவிட்டான். ஓடிப்போய் அளந்து பார்த்தோம். உண்மைதான். நம்முடைய பிள்ளைகள் நெய்யும் தயிருமாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் ஆனபடியால் அவர்களின் பாரத்துக்கு வாங்குக் கால்கள் நிலத்தில் புதைந்து, இரண்டு விரற்கடை பதிந்துபோயின. மேடையோ கல்லுப்போலக் காய்ந்து நின்றது. விதானையார் பள்ளிக்கூட வாசலில் நின்று, ‘ஏரம்பு, எங்கடை பரம்பரையை மண்ணுக்குள்ளை இறக்கிப்போட்டாய்’ என்றார். வாங்குக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தோம். செங்கல் வைத்ததும் வாங்கு ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது. இப்போது மேடைப்பிள்ளைகள் தாழ்ந்து போனார்கள், நன்கொடை போய்விடும். சிமியோனைக் கூப்பிட்டு மேடைக்கு ஒரு வரிசை மண் வைக்கச் சொன்னோம். ஒரு வரிசைக்கு ஆள் கூப்பிட்டால் கட்டாது என்று அவன் இரண்டு வரிசையாக வைத்துவிட்டுப் போனான். அதற்கு ஈடாக வாங்குக்கு இன்னொரு செங்கல். இதற்கிடையில் விதானையார் ஒருநாள் பொழுதுபடத் தனியே வந்து, பேரனின் வாங்குக்கு மாத்திரம் இரகசியமாக இரண்டு கல்லுச் செருகிவிட்டார். அடுத்த வாங்குக்காரன் சும்மா இருப்பானா? அவன் தகப்பன் மூன்று கல்லோடு வந்தான். இப்படியாகச் சித்திரை முடிவதற்கிடையில் வாங்கும் மேடையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன.

ஏறுவதற்கு ஏணி வேண்டியிருந்தது. ஓர் ஏணியா இரண்டு ஏணியா என்று சபை கூடி, இரண்டு என்று தீர்மானித்தது. நம்முடைய பிள்ளைகள் ஏணியில் நடுங்கி நடுங்கி ஏறுவதற்குள் முதற்பாடம் முடிந்துவிடும். பனங்காட்டுப் பிள்ளைகளுக்கு ஏணியே தேவைப்படவில்லை. அவர்கள் ஏறி இருந்துகொண்டு நம்முடைய பிள்ளைகளைக் கைகொடுத்துத் தூக்கிவிட எத்தனித்தார்கள். அதை உடனே தடுத்தேன்.

பிறகு சட்டம்பியாரின் பிரச்சினை வந்தது. அவர் நிலத்தில் நின்று படிப்பித்தால் மாணாக்கரின் கால்கள் குருவின் தலைப்பாகையில் முட்டுகின்றன. இது சைவத்துக்கு அடுக்குமா? அவருக்கென்று நடுவில் செங்கல்லால் ஒரு தூண் எழுப்பி, அதன்மேல் கதிரை வைத்து, கரும்பலகையையும் கூரை வளையில் தூக்கிக் கட்டினோம். வயதான மனிதர். காலையில் தேவாரத்தோடு ஏறினால் பள்ளிக்கூடம் விடுமட்டும் இறங்கமாட்டார், பயம். மத்தியானச் சோற்றை மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடியில் கட்டி மேலே அனுப்பினோம். இறங்கிவந்தால் மறுபடி ஏறத் தைரியம் வராது என்று அவர் என்னிடம் அந்தரங்கமாகச் சொன்னார். இங்கிலீசுப் புத்தகக் காசு இந்தத் தூணோடு சரி.

அரிவரி வகுப்புச் சின்னப்பிள்ளைகளால் ஏற முடியவில்லை. அவர்கள் கீழே, வாங்குகளுக்கும் மேடைக்கும் இடையில் நிழலில், எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் கலந்து பத்மாவதியிடம் ஆனா ஆவன்னா படித்தார்கள். ஒருவர் மடியில் ஒருவர் நித்திரையும் கொண்டார்கள். சின்னப்பிள்ளைகள்தானே, அது கணக்கில் இல்லை என்று சபை விட்டுவிட்டது.

வைகாசி பிறந்ததும் பிள்ளைகளின் தலை கிடுகுக் கூரையில் முட்டத் தொடங்கியது. கூரையை உயர்த்தக் காசு இல்லை. ஆகவே நடுக்கூரையைப் பிரித்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துச் சோளகக் காற்று எழும்பி, மிச்சக் கிடுகையும் தூக்கிக்கொண்டு விதானையாரின் புகையிலைத் தோட்டத்தில் போட்டது. பிள்ளைகள் வெயிலில் இருந்தார்கள். பனங்காட்டுப் பக்கத்து வள்ளி என்கிற பெட்டை மேடையில் எழும்பி நின்று, ‘சட்டம்பியார், இஞ்சை இருந்து பாத்தால் கீரிமலைக் கடல் தெரியுது’ என்றாள். அன்று முழுக்க இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கடலில் பாய்க்கப்பல் எண்ணினார்கள், ஒருவரும் கணக்குச் செய்யவில்லை. தேசப்படம் இல்லாத குறையும் தீர்ந்தது என்று நான் சொன்னேன். இதற்குப் பத்மாவதி சிரிக்கவில்லை.

இவ்வளவு கெடுதிக்குள்ளும் உமது மகள் ஒரு நல்ல காரியம் செய்தாள், அதைச் சொல்லாவிட்டால் பாவம். பள்ளிக்கூடத்தோட்டம் வைத்தால் வித்தியாபகுதியார் புறம்பாக ஏதோ கொடுப்பார்களாம். அவள் என்னிடம் வந்து, ‘அம்மான், மேடைக்குக் கீழை நெடுகக் கத்தரிக்கண்டு வைக்கட்டோ?’ என்று கேட்டாள். இந்தப் பிள்ளைக்கு இப்போதாவது மேடையில் ஒரு பட்சம் வந்ததே என்று எனக்கு மனம் குளிர்ந்தது. ‘வை பிள்ளை, வடிவாய் வை’ என்றேன். அவளும் வடிவாக, சுவரோடு ஒட்டினாற்போல வைத்தாள். காலையிலும் பின்னேரத்திலும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே துலாவில் தொங்கித் தண்ணீர் இறைத்து ஊற்றினார்கள். அந்த அக்கறையைப் பார்க்க வேண்டும். புகையிலைக்குக்கூட நாங்கள் அவ்வளவு தண்ணீர் விட்டதில்லை.

வித்தியாதரிசி பங்குனியில் முதல்தரம் வந்தபோதே மேடை தோளளவு, ஏணியும் வைத்தாயிற்று. அவர் கொழும்பிலிருந்து மாற்றமாகி வந்தவர், கோட்டும் தொப்பியுமாக ஏணியில் ஏறினார், இறங்கினார், மற்ற ஏணியிலும் ஏறினார். ‘கட்டளைப்படி ஒரு பிள்ளையும் தாழ இல்லைத்தான், இதுக்கு என்ன எழுதிறதெண்டு மேலிடத்தைக் கேக்கவேணும்’ என்று நெற்றியைத் துடைத்தார். பத்மாவதி பாடத்துக்கு ஆயத்தமாக நின்றாள். ‘அடுத்தமுறை பாக்கிறன் பிள்ளை, இண்டைக்கு ஏணி பிடிக்கவே நேரம் போட்டுது’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வருஷத்துக்கு இரண்டுதரம்தான் வருவார், ஆகவே அடுத்தமுறைதான் கடைசிமுறை என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று பிள்ளை அழுதாளாம் என்று குணலட்சுமி சொன்னாள்.

அந்தக் கடைசிமுறை போன வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூட வாசலில் நிறைகுடம் வைத்தோம். மேடையின் உறுதியைக் காட்டுவதற்காக நானும் விதானையாரும் முன்கூட்டியே அதன்மேல் ஏறி நின்றோம், சிமியோன் இரசமட்டத்தோடு பக்கத்தில் நின்றான். தோட்டத்தை முதலில் காட்ட வேண்டுமென்று பத்மாவதி பிள்ளைகள் எல்லோரையும் கீழே இறக்கியிருந்தாள். அது கடவுள் செயல். வித்தியாதரிசி இன்னும் ஏணியில் கால் வைக்கக்கூட இல்லை, நான் ‘வாருங்கோ துரை’ என்று வலது கையை நீட்டினேன், மேடை ஒரு பெருமூச்சு விட்டது. பெருமூச்சுத்தான், வேறு சத்தமில்லை. பிறகு எங்கள் காலடி மெல்ல மெல்ல முன்னால் நடக்கத் தொடங்கியது. சிமியோன் ‘யேசுவே’ என்று ஒரே பாய்ச்சலில் வேலிக்கு அப்பால் போனான். விதானையார் மண்ணோடு மண்ணாக வழுக்கிக்கொண்டு கத்தரிப் பாத்திக்குள் போனார். அங்கே நின்ற பிள்ளைகள் அவரைக் கூட்டமாகப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு கீறலும் இல்லை. என்னைப் பிடிக்கவும் பிள்ளைகள் கையை நீட்டினார்கள். வள்ளியும் அவளுடைய பகுதிப் பிள்ளைகளும் எனக்கு நேரே கீழே நின்றார்கள். மைத்துனர், நான் அந்தச் சந்தர்ப்பத்திலும் நிதானம் தவறவில்லை. விழுகிற விழுக்காட்டில் உடம்பைத் திருப்பி, இடம் பார்த்துச் செங்கற்குவியலில் விழுந்தேன். கை முறிந்தது. விதானையார் தீட்டுக் கழியக் கிணற்றடியில் மூன்றுதரம் தோய்ந்துவிட்டுச் சுகமாக இருக்கிறார். நான் ஒருதரமும் தோய வேண்டியிருக்கவில்லை, ஆனால் மூன்று மாதம் கை தூக்க ஏலாதாம்.

மேடை சரிந்து வாங்குகளின் செங்கற்கால்களைத் தட்டியது, வாங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. தூசி அடங்கியபோது சட்டம்பியாரின் தூண் மாத்திரம் தனியே நின்றது. அதன் உச்சியில் கதிரையும், கதிரையில் சட்டம்பியாரும். ஏணிகள் இரண்டும் தூள். அவரை இறக்குவதற்கு ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அது பனை ஏறுகிற வள்ளியின் தகப்பன். அவன் தளைநாரோடு வந்து நின்றான். அவன் தோளில் சட்டம்பியாரை ஏற்றலாமா என்று சபையார் அங்கேயே கூடி யோசித்தோம். ஆகமத்தில் இதற்கு இடமுண்டா என்று விதானையார் மேலே பார்த்துக் கேட்டார். ‘முதலிலை இறக்குங்கோ, பிறகு யோசிப்பம்’ என்று சட்டம்பியார் மேலிருந்து சொன்னார். இறக்கியாயிற்று. அவர் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு அமளிக்குள்ளும் பத்மாவதி என்ன செய்தாள் தெரியுமா? தாய்மாமன் கைமுறிந்து கிடக்க, சிதறி நின்ற பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் அந்த மண்குவியலில் இருத்தி, பாடம் தொடங்கிவிட்டாள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. விதானையாரின் பேரனும் வள்ளியும் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். ‘இது மலை, தண்ணி வழிஞ்ச இடம் ஆறு, அங்கை தேங்கி நிக்கிறது கடல்’ என்று என்னவோ கதைத்தாள். ‘மலையேன் இடிஞ்சது?’ என்று அவள் கேட்டதற்கு, ‘அடியிலை ஈரம் ஊறினதாலை’ என்று வள்ளி சொன்னாள். வித்தியாதரிசி தொப்பியைக் கழற்றிவிட்டு அதைக் கடைசிமட்டும் நின்று பார்த்தார். போகும்போது ஏதோ எழுதிக் கொடுத்தார். இங்கிலீசில் இருந்தபடியால் எனக்கு விளங்கவில்லை. நோவில் கேட்கவும் இல்லை. மேடையின் தத்துவத்தை அவர் மெச்சியிருப்பார் என்பது என் எண்ணம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மண்மேடை விழுந்ததற்குக் காரணம் கண்ணூறு. பக்கத்து ஊரார் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இனி அசையாதபடி கருங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டுவதென்று சபை ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. நீர் கிள்ளானில் இன்னொருதரம் நம்மவர்களிடம் தெண்ட வேண்டும். கல்விக்குக் கொடுத்த காசு வீண்போகாது என்று சொல்லும். முகப்பில் உமது பெயரைப் பொறிப்போம், இந்தமுறை ஒருவரும் இருக்காத இடத்தில்.

அங்கே மழைக்குள் திரியாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளும். புழுங்கலரிசி கிடைக்காவிட்டால் எழுதும், அனுப்பிவைக்கிறேன். வைரவர் உமக்கு முன்னும் பின்னும் காவலாக நின்று, லீவு கிடைத்து நல்ல கப்பலில் ஏறி வர அருள் செய்வாராக.

இப்படிக்கு,
கையெழுத்து வைக்க இயலாதபடியால் இடது பெருவிரல் அடையாளம் வைக்கும்,
வே. ஏரம்பு
முகாமைக்காரன்

பிற்குறிப்பு:

அன்புள்ள ஐயாவுக்கு, இது உங்கள் மகள் பத்மாவதி எழுதுவது. அம்மான் சொல்லி முடித்த களைப்பில் சாய்மனைக்கதிரையில் நித்திரையாகிவிட்டார். மேலே அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் நான் மாற்றவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். சத்தியம் பெருவிரல் அடையாளத்தோடு முடிகிறது என்று நினைக்கிறேன்.

மேடைக்குக் கண்ணூறு ஒன்றும் படவில்லை. கத்தரிக்கன்றுக்கு ஒரு செம்பு தண்ணீர் காணும். நாங்கள் துலா மிதித்துப் பனையோலைப் பட்டை பட்டையாகவே ஊற்றினோம். கத்தரி ஒன்றும் காய்க்கவில்லை, எல்லாம் வேர் அழுகிவிட்டது. அழுகும் என்று எனக்கு நடும்போதே தெரியும். வெள்ளிக்கிழமை விடிய மேடையில் வெடிப்புக் கண்டேன், அதனால்தான் பிள்ளைகளை ஏறவிடவில்லை. அம்மானையும் விதானையாரையும் ஏறவேண்டாமென்று வழி மறித்துச் சொன்னேன். ‘பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன தெரியும், தள்ளி நில்லு’ என்றார்கள், தள்ளி நின்றேன். அம்மானின் கை முறிந்தது எனக்குக் கவலைதான். ஆனால் அவர் விழுந்த இடத்தை அவரே தெரிந்தெடுத்தார்.

வித்தியாதரிசி எழுதித் தந்தது எனது பத்திரம். கையெழுத்து வைத்திருக்கிறார். அதை வாசித்தபோது எனக்கு நின்ற நிலையில் அழுகை வந்தது, மண்ணில் இருந்த பிள்ளைகளெல்லாம் பயந்துபோனார்கள். அவர் அம்மானிடம் தமிழில் சொன்னதை அம்மான் எழுதச் சொல்ல மறந்துவிட்டார். ‘பிள்ளையள் இப்ப இருக்கிற மாதிரி இருக்குமட்டும் நன்கொடை வரும், இனி ஒரு கல்லு ஏறினாலும் நிக்கும்’ என்றார். வாங்குகளுக்குக் கால் இல்லை, பலகைகள் தப்பிவிட்டன. அவற்றை நிலத்தில் நெடுகப் போட்டு எல்லோரையும் கலந்து இருத்தியிருக்கிறேன். விதானையார் இரண்டு நாள் பேரனை மறித்து வைத்தார். மூன்றாம் நாள் அவன் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து வள்ளிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டான். பலகையில் பெயராக இருக்கிற அப்பப்பா இப்போது ஊர்ப்பிள்ளைகள் எல்லோரையும் மடியில் வைத்திருக்கிறார். உங்களுக்கு இதில் மனத்தாங்கல் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அம்மானுக்கு எழுத வேண்டாம்.

காசு சேர்ப்பதானால் தேசப்படத்துக்கும் பூகோள உருண்டைக்கும் மாத்திரம் சேருங்கள். வாங்கியே அனுப்பிவிடுங்கள், காசாக அனுப்பினால் கல்லாகிவிடும். அப்படியும் அம்மானின் சொல்லைத் தட்டமுடியாமல் கருங்கல்லுக்கு அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து எனக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். கல்லுக்கட்டுக்குக் கத்தரி காணாது, சுவரடியில் அரசங்கன்று நடவேண்டும். அது வேரோடிக் கல்லைப் பிளக்க வருஷக்கணக்கு எடுக்கும். ஆனால் அரசங்கன்றைப் பிடுங்க இந்த ஊரில் ஒரு சைவனும் கை வைக்கமாட்டான்.